மூன்று கார்பன்

பொன்னாடையின் ஜரிகை பிடரியில் அறுத்துக்கொண்டிருந்தது. எடுத்து மடியில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் போர்த்திய ஆள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார், எடுத்தால் திரும்பிப் பார்ப்பார், பார்த்தால் சிரிப்பார், அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்த்துவிட்டும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா என்று சோலைமலைக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை. இருக்கட்டும், அறுக்கட்டும். வேதியியல் துறையின் கருத்தரங்கக் கூடம் அப்படியேதான் இருந்தது, அதே பச்சைத் திரைச்சீலை, கூரையில் ஈரம் கசிந்து படிந்த அதே பழுப்புக் கறை, முன்வரிசையில் எக்ஸ்டர்னலுக்கு என்று போட்ட மெத்தை நாற்காலி மட்டும் புதுசு. அதில் இப்போது அவன். வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்ட தேர்வாளர். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிற குரலில் வணக்கம் சொன்னாளே இசக்கியம்மாள், அவளுக்கு இன்றைக்கு டாக்டர் பட்டம் உண்டா இல்லையா என்று சொல்லப்போகிறவன். பக்கத்தில் இருப்பவர் அவளுடைய கைடு, பேராசிரியர் தனஞ்செயன், இந்த மாசக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், இசக்கி அவருடைய கடைசி மாணவி. ஒரு காலத்தில் இதே தனஞ்செயன்தான் சோலைமலைக்கும் கைடு. இதே கட்டடத்திலிருந்துதான் அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார். இப்போது சோலைமலையிடம் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரே வரிக் கேள்வி. அதைக் கேட்டால் இந்த ஆள் வாழ்நாளெல்லாம் கட்டின மாளிகை அஸ்திவாரத்தோடு சரியும். அதைக் கேட்கத்தான் ரயிலேறி வந்திருக்கிறான். இந்தப் பெண் பேசி முடிக்கட்டும், எக்ஸ்டர்னல் கேள்வி கேட்கலாம் என்று சொல்லட்டும், அவ்வளவுதான் பாக்கி.

அதோடு சேர்ந்து அந்தப் பெண்ணும் சரிவாள். தெரியும். ஆய்வேட்டின் நெஞ்சிலேயே அந்தக் கேள்வி போய்க் குத்தும், குத்தினால் பட்டம் நிற்காது. அதற்கு அவன் என்ன செய்ய முடியும். அந்த ஆளிடம் வந்து சேர்ந்தது அவள் பாடு. அவன் சேர்ந்தபோது அவனுக்காக யார் அழுதார்கள்.

வாசலில் கார் கதவைத் திறந்துவிட்டுத் தனஞ்செயன் கேட்டதுதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. "வாங்க சார், வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா? நம்ம கேம்பஸுக்கு இதுதான் முதல் தடவைங்களா?" முதல் தடவையா. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். தலை நரைத்திருக்கிறது, கண்ணாடி போட்டிருக்கிறான், உடம்பு பெருத்திருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் பெயர் மாறவில்லையே, சோலைமலை என்ற பெயரை இந்த ஆள் எத்தனை நாள் காரிடார் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தியிருக்கிறார். மறந்துவிட்டாரா. நிஜமாகவே மறந்துவிட்டாரா. ஒருத்தன் வாழ்க்கையை மிதித்துவிட்டுப் போனவனுக்கு மிதித்தது எறும்பு என்றுகூட ஞாபகம் இல்லை என்றால், இத்தனை வருஷம் பல் கடித்துக்கொண்டு கிடந்த எறும்பு என்ன செய்வது. "ஒரு தடவை வந்திருக்கேன் சார்" என்றான் சோலைமலை. "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று முதுகில் கை வைத்து உள்ளே நடத்திக்கொண்டு போனார். அந்தக் கை. முதுகில் அந்த இடம் இன்னும் சூடாக இருக்கிறது. மறந்த மாதிரி நடிக்கிறாரா. நடிக்கிறார் என்றால் பயப்படுகிறார் என்று அர்த்தம், அது நல்லது, அது இனிக்கிறது. நிஜமாகவே மறந்திருந்தால்தான் வயிறு எரிகிறது. எதுவென்று தெரியாமல் கேள்வியை இறக்கிவிட்டால் பாதி ருசிதான். வாங்குகிறவன் யார் என்று தெரியாமல் விலை சொல்லக்கூடாது என்பாள் அம்மா, மதுரை மார்க்கெட்டில் கத்தரிக்காயைக் குவித்து வைத்துக்கொண்டு. முகத்தைப் பார்த்துத்தான் விலை.

திரையில் ஒரு செடியின் படம் வந்தது. மலையடிவாரக் கரட்டில் தானாக முளைக்கிற கசப்புச் செடி, ஆடுகூட வாய் வைக்காது. அதன் இலையை மூட்டைகட்டிக் கொண்டுவந்து, நிழலில் உலர்த்தி, இடித்து, அசிட்டோனில் ஊறப்போட்டு, வடிகட்டி, வற்றவைத்து, உயரமான கண்ணாடிக் குழாயில் வெள்ளைப் பொடியை நிரப்பி அதன் தலையில் அந்தப் பச்சைப் பிசினை ஏற்றி, சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் குடுவை குடுவையாகப் பிடித்து. அந்த வேலையை இந்தத் துறையில் முதலில் செய்தவன் அவன். விரல் நுனியெல்லாம் அசிட்டோன் பட்டு வெளுத்து, சுண்ணாம்பு பூசின மாதிரி, தோல் உரிந்து கிடக்கும். கையில் சிந்தினால் ஜில்லென்று உயிர் வரைக்கும் போய்த் தொடும், அடுத்த நொடி காய்ந்துவிடும், சிந்தின தடமே இருக்காது. ஒருநாள் காலையில் வந்து பார்த்தபோது குடுவையின் அடியில் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரும் இதுவரை பார்க்காததை நான் பார்க்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்ததே, அது இனி வராது, எத்தனை படிகம் பார்த்தாலும் வராது. வீக்கத்தை இறக்குகிறது என்று எலியில் பார்த்துச் சொன்னார்கள். உலகத்தில் யாரும் பதிவு செய்யாத மூலக்கூறு என்றார்கள். தனஞ்செயன் ஒரு பெட்டி லட்டு வாங்கிவந்து, தன் மனைவி பெயரை அதற்கு வைத்தார். பிரேமோலைடு. "என்ன சோலை, பேர் நல்லாருக்கா?" என்று கேட்டபோது இவனும் லட்டைக் கடித்துக்கொண்டு நல்லாருக்கு சார் என்றான். நெய் லட்டு. இப்போதுகூட வாயில் அந்த ஏலக்காய் வந்து நிற்கிறது, துப்ப வேண்டும் போல இருக்கிறது.

"இம்மூலக்கூறு இத்தாவரத்தில் மட்டுமே காணப்படுகிறது" என்று இசக்கி வாசித்தாள். வாசிக்கிற குரல்தான், சொல்கிற குரல் இல்லை. சோலைமலை காதைத் தீட்டிக்கொண்டான். பின்வரிசையில் யாரோ பாத்திரத்தைத் திறந்து மூடினார்கள், கேசரி வாசம் வந்தது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்றைக்கு மாணவி வீட்டார் வந்து எல்லோருக்கும் பலகாரம் கொடுப்பது இங்கே வழக்கம். கேசரி, வடை, காப்பி, எக்ஸ்டர்னலுக்கு மட்டும் முந்திரி தூக்கலாக. உள்ளே வரும்போது இசக்கியின் அம்மா வழி மறித்தாள். பட்டுச்சேலை விறைப்பாக நின்றது, கழுத்தில் இரவல் சங்கிலியோ என்னவோ அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். திருநெல்வேலிப் பக்கம். "சார்வாள், ஒரு வார்த்த. என் பிள்ளய ரொம்ப மடக்கிராதீய. கல்யாணங் கட்டிக் குடுத்த பெறவும் மாப்ள வீட்ல இருக்காம இங்கனயே கெடந்து எலைய அரச்சு அரச்சு, கை எல்லாம் பாருங்க, வெந்து போயிருக்கு. பாத்துக் கேளுங்க." பக்கத்தில் நின்ற மருமகன், "அத்த, சும்மா இருங்க, அப்படியெல்லாம் சாருகிட்ட சொல்லக்கூடாது" என்று இழுத்துக்கொண்டு போனான். கை வெந்து போயிருக்கு. சோலைமலை கூடத்துக்குள் நடந்தான். பதில் சொன்னால் விலை இறங்கும்.

அன்றைக்கு அந்த லட்டைத் தின்ற பிறகு ஒரு மாதம் அசிட்டோன் தீர்ந்துபோயிருந்தது. பழைய பாக்கி வராமல் இனி அனுப்பமாட்டேன் என்றுவிட்டான் கடைக்காரன். தனஞ்செயன் டெல்லியில். இலை ஊறாமல் கிடந்து பூஞ்சை பிடித்துவிடும் என்று இவனுக்குப் பதற்றம். ஸ்பிரிட்டில் ஊறப்போடலாம், ஆனால் ஸ்பிரிட் வாங்கக் கலால் அலுவலகத்தில் அனுமதி வேண்டும், வேதியியல் துறை அந்த அனுமதியை எப்போதோ காலாவதியாக விட்டுவிட்டது. விலங்கியல் துறையில் அனுமதி இருக்கிறது, பாம்பையும் தவளையையும் பாட்டிலில் போட்டுவைக்க. அங்கே போய் ஸ்டோர் அந்தோணியிடம் பேரம் பேசினான். பேரம் அவனுக்குத் தாய்ப்பால். "அண்ணே, உங்க சென்ட்ரிஃப்யூஜ் ஓடாம கெடக்கே, நான் ஓட வச்சுத் தாரேன், சீல் உடைக்காத ஒரு கேன் ஸ்பிரிட் குடுங்க." "வேதியியல்காரனுவ ஸ்பிரிட்ட என்னடே பண்ணுவீய, குடிக்கவா?" "குடிக்கிறதா இருந்தா உங்களையும் கூப்பிட மாட்டேனா அண்ணே." கேன் வந்தது. அதே இலை, அதே வேலை, அசிட்டோனுக்குப் பதில் ஸ்பிரிட். கடைசியில் சாற்றை மெல்லிய கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு வைத்து ஏறவிட்டு, அமிலம் தெளித்துச் சூடுகாட்டினால் ஒவ்வொரு மூலக்கூறும் அதனதன் உயரத்தில் ஒரு புள்ளியாக நிற்கும். பிரேமோலைடு ஊதாப் புள்ளி. ஊதா வரவில்லை. தட்டைத் திருப்பிப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்தான், ஊதா வரவே இல்லை. அதற்கும் கீழே, எப்போதும் மங்கலாக இருக்கிற பழுப்புப் புள்ளி மட்டும் தடித்துக் கிடந்தது. மறுபடி செய்தான். மறுபடியும் செய்தான். பிறகு அந்தப் பழுப்பைச் சுரண்டி எடுத்து, பக்கத்து லேபில் கொஞ்சம் அசிட்டோன் கடன் வாங்கி, துளி அமிலத்தோடு அதில் ஊறப்போட்டான். காலையில் ஊதா வந்து நின்றது, கல்யாணத்துக்கு வந்த மாதிரி பளிச்சென்று.

செடியில் இருக்கும் அந்தப் பழுப்பு மூலக்கூறுக்கு அருகருகே இரண்டு கை. அசிட்டோன் என்பது மூன்றே கார்பன் உள்ள சின்னப் பொருள், நகப்பூச்சு அழிக்கிற அதே திரவம். இலைச்சாற்றின் புளிப்பில் இரண்டும் நாள்கணக்காக ஊறிக் கிடந்தால் அசிட்டோன் போய் அந்த இரண்டு கையையும் கோத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிறந்ததுதான் பிரேமோலைடு. செடியில் பிறந்தது அல்ல, பாட்டிலில் பிறந்தது. இலையில் ஒரு மூலக்கூறுகூடக் கிடையாது. டெல்லியிலிருந்து வந்தவரிடம் இரண்டு தட்டையும் கொண்டுபோய் வைத்தான். மெனக்கெட்டுக் கண்டுபிடித்ததற்குத் தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தான், அந்த முட்டாள், அந்த வெளுத்த விரல் பையன். தனஞ்செயன் தட்டுகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு, புரிந்த முகம் எப்படி இருக்கும் என்று மார்க்கெட்டில் வளர்ந்தவனுக்குத் தெரியாதா. பிரேமோலைடு பற்றிய கட்டுரை ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்தது. கதவைத் திறந்துவைத்து, லேப் முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேச ஆரம்பித்தார். "பல்லி ஊறின சாராயத்துல எக்ஸ்ட்ராக்ட் பண்ணினா பின்ன என்னடா வரும்? யாரைக் கேட்டு வாங்கின? பேரம் பேசி வாங்கினியாமே. இது கெமிஸ்ட்ரிடா. காய்கறி இல்ல. உன் கைக்கு இது வராது. மார்க்கெட்டுக்கே போ, அம்மாவுக்குத் தராசு பிடி." எல்லோரும் சிரித்தார்கள். கூட உட்கார்ந்து டீ குடித்தவர்கள்தான், குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர் பேசிக்கொண்டே தட்டு இரண்டையும் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். கண்ணாடி உடைகிற சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அவனுடைய ஆய்வுப் பதிவு ரத்தாயிற்று. கட்டுரையில் அவன் பெயர் இல்லை. தராசு பிடி. அம்மா தராசு பிடித்த கையால்தான் அவன் சோறு தின்றான், அதில் அவனுக்கு வெட்கம் இருந்ததே இல்லை, அன்றைக்கு அந்தச் சிரிப்பில்தான் முதல் தடவையாக ஒரு கணம் வெட்கப்பட்டான், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அம்மாவை நினைத்து அவனை வெட்கப்பட வைத்தானே. அந்த ஒரு கணத்துக்கு என்ன கொடுத்தாலும் ஈடாகாது.

திரையில் இப்போது பிரேமோலைடின் படம், கோடும் மூலையுமாக. மூலைகளில் சிவப்புப் புள்ளி. இசக்கி தண்ணீர் குடித்தாள். அடையாளம் வைத்த சர்க்கரையைச் செடிக்கு ஊட்டிப் பார்த்தோம் என்றாள். செடி எதைக் கட்டினாலும் தான் தின்ற சர்க்கரையிலிருந்துதான் கட்டும், அதனால் செடி கட்டின ஒவ்வொரு கார்பனிலும் அந்த அடையாளம் ஏறிவிடும், சிவப்புப் புள்ளி அதுதான். எல்லாக் கார்பனும் சிவப்பு. ஒரு மூலையில் மட்டும் மூன்று கார்பன்கள் வெள்ளையாக நின்றன. "இந்த மூன்று கார்பன்களிலும் அடையாளம் ஏறவில்லை. எத்தனை முறை ஊட்டியும் ஏறவில்லை." வெறுமனே சொன்னாள். அசிட்டோன், மூன்று கார்பன், அங்கேயே நிற்கிறது, இந்தக் கூடத்தில் இத்தனை படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தன் கண்ணிலும் படவில்லையே. "இவை தனி வழியில் வருகின்றன என்றும், இவற்றை ஒட்டவைக்கும் ஒரு விசேஷ என்சைம் தாவரத்தில் இருக்க வேண்டும் என்றும் எங்கள் ஆய்வுக்குழு கருதுகிறது." எங்கள் ஆய்வுக்குழு. தனஞ்செயன் தலையை ஆட்டினார், தாளம் போடுகிற மாதிரி. அந்த என்சைமைத்தான் வருஷக்கணக்கில் தேடியிருக்கிறாள் இந்தப் பெண். இலையை அரைத்து, பனிக்கட்டியில் வைத்து, பிரித்துப் பிரித்து. கிடைக்காமல் போனதற்கு எத்தனை வசவு வாங்கினாளோ. உன் கைக்கு வராது. அவளிடமும் அதையே சொல்லியிருப்பார். இல்லாத ஒன்றைத் தேடச் சொல்லிவிட்டு, கிடைக்கவில்லை என்று திட்டுவது. இவளுக்கு முன்னால் எத்தனை பேர். பாதியில் விட்டுப் போன பையன்கள், கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு போன பெண்கள்.

அங்கே வந்து நினைப்பு சிக்கிக்கொண்டது. தொண்டையில் மீன்முள் மாதிரி. இத்தனை வருஷம் அவனுக்குத் தெரியுமே. வேறு ஊரில் வேறு கைடிடம் பட்டம் வாங்கி, மூலிகைச் சாறு எடுக்கிற கம்பெனியில் டிரம் உருட்டி, பிறகு ஆய்வு நிலையத்தில் ஏறி ஏறி, இன்றைக்கு அசிட்டோன் மாதிரியான கரைப்பான்கள் செய்கிற திருட்டுத்தனத்தைப் பற்றி யார் எழுதினாலும் அவனைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒரு கட்டுரை எழுதினால் போதுமே, பிரேமோலைடு அன்றைக்கே செத்திருக்கும். எழுதவில்லை. வளரட்டும் என்று விட்டான். இன்னும் பெரிசாகட்டும், விருது வாங்கட்டும், மாலை போடட்டும், உயரம் கூடக் கூட விழுகிற சத்தம் கூடும். சரக்கைப் பதுக்கி வைத்துக்கொண்டு விலை ஏறட்டும் என்று உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு தடவை, ஒரு கட்டுரையின் ஓரத்தில், தெற்கத்திப் புதர்ச்செடி ஒன்றில் இப்படி ஒரு பொய் மூலக்கூறு உலவுகிறது என்று பெயர் சொல்லாமல் ஒரு வரி, ஊசியால் கீறுகிற மாதிரி. அவ்வளவுதான். அவன் விலைக்காகக் காத்திருந்த காலமெல்லாம் இந்தப் பெண்கள் கை வெந்து இலை அரைத்துக்கொண்டிருந்தார்கள். சரி, அதற்கு. அதற்கு நான் என்ன. நான் ஊறப்போடவில்லையே. நான் பெயர் வைக்கவில்லையே. பிடரி எரிந்தது. ஜரிகையை விரலால் நகர்த்தினான். இருந்தாலும் முள் இறங்கவில்லை. பாத்துக் கேளுங்க சார்வாள்.

அப்போதுதான் அந்தத் தட்டு வந்தது. திரை முழுக்க, மேலே தலைப்புகூட இல்லாமல். ஒரு மெல்லிய தட்டின் புகைப்படம், இரண்டு தடம். இடப்பக்கம் மேலே ஊதாப் புள்ளி, கீழே மங்கலாகப் பழுப்பு. வலப்பக்கம் ஊதா இல்லை, பழுப்பு மட்டும், தடித்து. சோலைமலையின் கை நாற்காலிக் கையை இறுக்கிக்கொண்டது. அவன் தட்டு. தொட்டியில் உடைந்த இரண்டும் ஒரே தட்டாக முழுசாக எழுந்துவந்து சுவரில் நிற்கிற மாதிரி. அவனுக்கு அனுப்பிய ஆய்வேட்டின் பிற்சேர்க்கையில் இது இருந்ததா, பார்த்தானா. பார்த்தான், சின்னதாக, கறுப்பு வெள்ளையில், அடியில் 'கரைப்பான் ஒப்பீடு' என்று மட்டும். பழிவாங்குகிற அவசரத்தில் புரட்டிப் போய்விட்டான். "இது அசிட்டோன். இது ஸ்பிரிட்" என்றாள் இசக்கி. வேறொன்றும் சொல்லவில்லை. விளக்கவில்லை, முடிவு சொல்லவில்லை. பாட்டிலைத் திறந்து மெதுவாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு. அந்த நிற்பு அவனுக்குத் தெரியும். நல்ல காயைக் குவியலின் உச்சியில் வைத்துவிட்டு, இது உசத்தி என்று ஒரு வார்த்தை சொல்லாமல், முந்தானையை உதறிக்கொண்டு வேறெங்கோ பார்ப்பாள் அம்மா. கண் உள்ளவன் கேட்பான். கேட்டுவிட்டால் பேரம் நம் கையில். தெரிந்திருக்கிறது இவளுக்கு. எல்லாம் தெரிந்திருக்கிறது. தன் வாயால் சொன்னால் கைடு கையெழுத்துப் போடமாட்டார், சொல்லாமல் விட்டால் பொய்யில் டாக்டர். அதனால் சரக்கை வைத்துவிட்டு நிற்கிறாள், ஆள் வருவான் என்று. யார் வருவான். எக்ஸ்டர்னல் வருவான். எக்ஸ்டர்னல் பெயர்களை டைப் அடித்துக் கொண்டுபோய் வைப்பது மாணவர்கள் வேலை, அன்றைக்கும் அப்படித்தான், தனஞ்செயன் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார், படிப்பது சின்னவர்கள் வேலை என்பது அவர் எண்ணம். அந்த ஒரு வரியை இவள் படித்திருக்கிறாள். தெற்கத்திப் புதர்ச்செடி. படித்துவிட்டு எழுதினவனைத் தேடிப் பிடித்துப் பட்டியலில் ஏற்றியிருக்கிறாள். நான்தான் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் இவன், இவளல்லவா கத்தியை வரவழைத்திருக்கிறாள்.

"இசக்கி, அடுத்த ஸ்லைடு" என்றார் தனஞ்செயன். வைவாவில் மாணவி பேசும்போது கைடு வாய் திறக்கக்கூடாது, அது மரபு, ஊமை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். இசக்கி நகர்த்தவில்லை. இன்னொரு வாய் தண்ணீர் குடித்தாள். "அடுத்த ஸ்லைடும்மா, நேரமாகுதுல்ல." தட்டு போயிற்று. தனஞ்செயன் தண்ணீர் பாட்டிலை எடுத்து இவன் பக்கமாக நகர்த்தினார். குனிந்தார். சவரம் செய்த கன்னத்தின் வாசனைத் திரவம் மூக்கில் ஏறியது. ரொம்ப மெதுவாக, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டிரெயினுக்கு நேரமாயிருமே சோலை. சுருக்கமா முடிச்சுக்கலாம், என்ன?"

சோலை.

சார் இல்லை, சோலைமலை இல்லை. லட்டை நீட்டிக்கொண்டு கூப்பிட்ட அதே சோலை. அப்படியானால் மறக்கவே இல்லை. கார் கதவைத் திறந்தபோதே தெரியும், முதல் தடவைங்களா என்று கேட்டபோதே தெரியும், பொன்னாடையைப் போர்த்திய கை தெரிந்தே போர்த்தியது. பட்டியலில் கையெழுத்துப் போட்டபோது பார்க்கவில்லை, பெயர் உறுதியாகி வந்த பிறகு பார்த்திருப்பார், மாற்ற நேரமில்லை, சரி, மெத்தை நாற்காலி போடு, முந்திரியைத் தூக்கலாகப் போடு, பழைய பையன்தானே, கூப்பிட்டால் வாலாட்டுவான். இத்தனை நேரம் எரிந்ததெல்லாம் திடீரென்று அணைந்து, உள்ளே ஜில்லென்று ஆயிற்று, அசிட்டோன் சிந்தின கை மாதிரி. கோபம் போய்விடவில்லை. கோபம் கெட்டியாகிவிட்டது, குடுவையின் அடியில் ஊசி ஊசியாக. வாங்குகிறவன் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. இனி விலை சொல்லலாம். ஆனால் எந்த வரிசையில். கேள்வியை முதலில் கேட்டால் கைடு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடமாட்டார், தள்ளிப்போடுவார், விசாரணைக் குழு என்பார், பெண் நடுத்தெருவில் நிற்பாள். முதலில் யார் சரக்கு பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும். "சரிங்க சார்" என்றான் சோலைமலை, மெதுவாக, தலையையும் ஆட்டிக்கொண்டு. "சுருக்கமாவே முடிச்சுருவோம்." தனஞ்செயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை சோலைமலையால் அதைப் பார்க்க முடிந்தது.

இசக்கி நன்றி சொல்லி முடித்ததும் தனஞ்செயன் எழுந்து, இப்போது எக்ஸ்டர்னல் கேள்வி கேட்பார் என்றார். சோலைமலை உட்கார்ந்தபடியே மைக்கை வாங்கினான். "எழுத்துல நான் கேட்டதுக்கெல்லாம் திருப்தியா பதில் வந்திருச்சு. தேர்வாளரா எனக்குக் கேள்வி எதுவும் இல்ல. ரிப்போர்ட்டைக் குடுங்க சார், முடிச்சுரலாம்." இசக்கியின் முகம் வெளுத்தது. அவளைப் பார்க்காமல் எழுதினான். ஆய்வேட்டில் உள்ள எல்லாச் சோதனைகளும், பிற்சேர்க்கையில் உள்ள கரைப்பான் ஒப்பீடு உட்பட, நேர்மையாகச் செய்யப்பட்டவை, சரியானவை, பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன். அந்த 'உட்பட'வை அழுத்தமாக எழுதினான். கையெழுத்துப் போட்டு நகர்த்தினான். தனஞ்செயன் பேனாவைத் திறந்து, எங்கே போட வேண்டும் என்று மட்டும் பார்த்து, போட்டார். மேல்வரியைப் படிக்கவில்லை. படிப்பது சின்னவர்கள் வேலை. துறை எழுத்தர் சீல் வைத்து உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் சோலைமலை அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இனிமேல் டாக்டர் இசக்கியம்மாள்" என்று தனஞ்செயன் அறிவித்தார். கைதட்டல். பின்வரிசையில் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், மருமகன் கேசரிப் பாத்திரத்தைத் திறந்தான். இசக்கி மட்டும் மைக்கைப் பிடித்தபடி, சரக்கு விலைபோகாமல் சாயங்காலம் ஆகிவிட்ட கடைக்காரி மாதிரி நின்றாள்.

சோலைமலை எழுந்தான். பொன்னாடையைக் கழற்றி, நான்காக மடித்து, மெத்தை நாற்காலியில் வைத்தான். நடந்துபோய்க் கடைசி வரிசையில் அவளுடைய அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏன் சார்வாள் இங்கன வந்துட்டீய?" என்றாள் அவள் பதறி. "இங்கதான்மா காத்து வருது" என்றான். பிறகு கையைத் தூக்கினான்.

"பொது வைவாதானே சார் இது? கூட்டத்துல யார் வேணும்னாலும் கேக்கலாம்னு வாசல்ல ஒட்டியிருக்கு. நான் இப்ப எக்ஸ்டர்னல் இல்ல. என் வேலை முடிஞ்சு, சீல் வச்சாச்சு. என் பேர் சோலைமலை. இந்தத் துறையோட பழைய ஸ்காலர்."

வடையைக் கடித்தவர்கள் கடித்தபடி நின்றார்கள்.

"இசக்கி, அந்தத் தட்டை ஒரு தடவை போடும்மா."

அவள் தேடவில்லை. ஒரே ஒரு பொத்தான், தட்டு வந்து நின்றது. கடைசியில் இன்னொரு பிரதி வைத்திருக்கிறாள், நன்றி சொன்ன பக்கத்துக்கும் பின்னால், எதற்கும் இருக்கட்டும் என்று.

"அசிட்டோன்ல ஊறப்போட்டா ஊதா வருது. ஸ்பிரிட்ல வரல. அசிட்டோனுக்கு மூணு கார்பன். பிரேமோலைடுல செடி கட்டாத கார்பனும் மூணு. அந்த மூணு எங்கேருந்து வந்துச்சு? இந்தத் தட்டு சரின்னு இப்பத்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க." ஒரு மூச்சு விட்டான். "கேள்வி பிள்ளைக்கு இல்ல சார். உங்களுக்கு."

தனஞ்செயன் உறை போன கதவைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் யாரோ ஒரு பேராசிரியர் விரல்விட்டு எண்ணிவிட்டு, மெல்ல நிமிர்ந்து திரையைப் பார்ப்பது தெரிந்தது. ஒருத்தர் பார்த்தால் போதும், பக்கத்தில் இருப்பவரும் பார்ப்பார். தனஞ்செயனின் கை மேஜை மேல் எதையோ தேடியது, பேனா கிடைத்தது, மூடினார், திறந்தார். கடைசியில் பழைய குரலே கைகொடுத்தது.

"இசக்கி. அடுத்த ஸ்லைடு."

இசக்கி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அந்தக் காலை முழுக்க நடுங்கின குரலில் இப்போது நடுக்கம் இல்லை.

"இதுதான் சார் கடைசி ஸ்லைடு."